தலை சீவக் கை எழவில்லை!
தோலையும் தசையையும் ஒரே சமயத்தில் தாக்கும் விசித்திர நோய்

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரிக்கு வரும் பஸ், எல்லையைத் தாண்டியதும் கோரிமேட்டில் நிற்கிறது. அங்கே இறங்குகிறவர்களைப் பார்த்தாலே தெரியும். கையில் துணிப்பை. பைக்குள் எக்ஸ்ரே படம், பழைய மருந்துச் சீட்டுகள், ஒரு பாட்டில் தண்ணீர். எல்லோரும் ஜிப்மர் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள். விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலை என்று பல பக்கங்களிலிருந்தும் இங்கே வருகிறார்கள்.

இவர்களில் பலருக்குத் தங்களுக்கு என்ன நோய் என்பது ஓரளவு தெரியும். சர்க்கரை என்பார்கள், ரத்தக் கொதிப்பு என்பார்கள், மூட்டுவலி என்பார்கள். ஆனால் எப்போதாவது ஒருவர் வருவார். "என்னவோ தெரியவில்லை, பஸ் படி ஏற முடியவில்லை" என்பார். வலி இருக்கிறதா என்று கேட்டால், அதிகமாக இல்லை என்பார். காய்ச்சலா என்றால், எப்போதாவது என்பார். "கண்ணைச் சுற்றி ஏன் இப்படிக் கறுத்திருக்கிறது?" என்று கேட்டால், "அது வெயிலில் வந்தது, அதை விடுங்கள்" என்பார்.

விடக் கூடாது. அந்தக் கறுப்பில்தான் விஷயமே இருக்கிறது!

அந்த நோயின் பெயர் டெர்மட்டோமயோசைட்டிஸ். "டெர்மா" என்றால் தோல். "மயோ" என்றால் தசை. "ஐட்டிஸ்" என்றால் அழற்சி. பெயர்தான் நீளமே தவிர, பொருள் அவ்வளவுதான்: தோல், தசை இரண்டிலும் அழற்சி.

எப்படி ஆரம்பிக்கிறது?

ஒரு குடும்பத்து அம்மாள் என்று வைத்துக்கொள்வோம். வயது நாற்பத்தைந்து. விடியற்காலையில் எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போடுகிறவர். ஒரு நாள் கோலம் போட்டு முடித்ததும் எழுந்திருக்க முடியவில்லை. தரையில் கையை ஊன்றி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். வயதாகிறது என்று நினைத்துக்கொண்டார்.

பத்து நாள் கழித்துத் தலை சீவக் கையைத் தூக்கினார். கை பாதியில் இறங்கிவிட்டது. கொடியில் துணி உலர்த்த மகளைக் கூப்பிட்டார். குழாயடியில் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைக்க அடுத்த வீட்டுக்காரி வரவேண்டியிருந்தது. ஆனால் வெண்டைக்காய் நறுக்குகிறார், பூக் கட்டுகிறார், பொத்தான் தைக்கிறார். விரல்கள் எப்போதும்போல் வேலை செய்கின்றன.

"என்ன அண்ணி, மூஞ்சியெல்லாம் இப்படிக் கறுத்துப்போச்சு?" என்று நாத்தனார் கேட்கிறாள்.

"வெயில்தான், வேறென்ன?" என்கிறார் அந்த அம்மாள்.

இந்த நோயின் போக்கு பெரும்பாலும் இப்படித்தான். உடலின் நடுப்பகுதியை ஒட்டிய பெரிய தசைகளைத்தான் அது முதலில் பிடிக்கிறது. தோள், மேற்கை, இடுப்பு, தொடை, கழுத்து ஆகியவை தளர்கின்றன. விரல்களும் பாதங்களும் கடைசி வரை ஓரளவு தப்பிக்கின்றன. ஆகவே எழுத முடிகிறவர் எழுந்திருக்க முடியாமல் தவிக்கிறார். படுக்கையில் தலையணையிலிருந்து தலையைத் தூக்குவதே சிலருக்குப் பெரும்பாடாகிவிடுகிறது.

கத்தரிப்பூ நிறம்

மற்றத் தசை நோய்களிலிருந்து இதைப் பிரித்துக் காட்டுவது தோல்தான். சில சமயம் தசை தளர்வதற்குப் பல வாரங்கள் முன்னதாகவே தோல் சேதி சொல்லிவிடுகிறது.

மேல் இமைகளில் ஒரு நிறம் ஏறும். இமை லேசாக வீங்கியும் இருக்கும். மேனாட்டு வைத்திய நூல்கள் இந்த நிறத்துக்கு "ஹீலியோட்ரோப்" என்ற பூவின் பெயரை வைத்திருக்கின்றன. அந்தப் பூவை நம் ஊரில் எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள்? கத்தரிப்பூ நிறம் என்றால் நமக்குப் புரியும்.

அடுத்த அடையாளம் விரல் கணுக்களில் வரும். கையை மடக்கினால் மேடாகத் தெரிகிற கணுக்களின் மேல் தடித்த சிறு திட்டுகள் தோன்றும். முழங்கை, முழங்கால் மேலும் வரலாம். 1930ஆம் ஆண்டில் காட்ரான் என்ற ஜெர்மன் தோல் வைத்தியர் இவற்றை விவரித்தார். அதனால் "காட்ரான் கொப்புளங்கள்" என்றே பெயர் நிலைத்துவிட்டது. லூபஸ் என்ற இன்னொரு நோயிலும் கையில் தடிப்பு வரும். ஆனால் லூபஸ் தடிப்பு பெரும்பாலும் கணுக்களை விட்டுவிட்டு இடைப்பட்ட இடங்களில் வரும். இதுவோ கணுவையே தேடிப் பிடிக்கும். கைகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தே அனுபவசாலியான டாக்டர் பாதி முடிவு செய்துவிடுவார்.

நகத்தின் அடியில் சின்னஞ்சிறு ரத்தக் குழாய்கள் விரிந்து சிவந்த கோடுகளாகத் தெரியும். கழுத்தின் கீழே மார்பில் "வி" வடிவத்தில் நிறம் மாறும். முதுகிலும் தோளிலும் சால்வை போர்த்தியதுபோல் தடிப்பு படரும். தலையில் அரிப்பு எடுக்கும். பொடுகு என்று நினைத்து எண்ணெய் மாற்றுவார்கள். வெயில் பட்டால் எல்லாமே அதிகமாகும்.

இங்கே ஒரு சங்கடம் இருக்கிறது. வைத்திய நூல்களில் உள்ள படங்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரர்களின் படங்கள். அவர்கள் தோலில் சிவப்பும் ஊதாவும் பளிச்சென்று தெரியும். நம்மவர் தோலில் அதே தடிப்பு பழுப்பாகவும் கறுப்பாகவும் தெரிகிறது. "சிவந்திருக்கிறதா?" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும். கேள்வியே தவறு! "நிறம் மாறியிருக்கிறதா?" என்று கேட்க வேண்டும்.

திட்டைப் பார்த்ததும் பெருநோயோ என்று பயந்து வெளியே சொல்லாமல் இருக்கிறவர்களும் உண்டு. பெருநோய்த் தேமலில் உணர்ச்சி மரத்துப்போகும். இதில் அப்படியில்லை, அரிப்புத்தான் பிடுங்கி எடுக்கும். இது ஒட்டுவாரொட்டி அல்ல. தொட்டாலோ, ஒரே தட்டில் சாப்பிட்டாலோ யாருக்கும் ஒட்டாது.

வேலியே பயிரை மேய்ந்தால்

இதற்குக் காரணம் கிருமி அல்ல. நம் உடலில் கிருமிகளை எதிர்ப்பதற்கென்று ஒரு காவல் படை இருக்கிறது. அந்தப் படை ஆள் தெரியாமல் சொந்த உடலையே தாக்குகிறது. வேலியே பயிரை மேய்ந்த கதைதான். தசைகளுக்கு ரத்தம் கொண்டுபோகும் நுண்ணிய குழாய்கள் சேதமடைகின்றன. ரத்தம் குறைந்த தசை மெலிகிறது.

படை ஏன் திசை மாறுகிறது என்பதற்கு ஒற்றைக் காரணம் கிடையாது. பிறவி வாகு ஒரு பங்கு. வெயில், கிருமித் தொற்று போன்ற வெளிக் காரணங்கள் இன்னொரு பங்கு.

பெண்களுக்கு இது ஆண்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு அதிகமாக வருகிறது. நாற்பதிலிருந்து அறுபது வயதுக்குள் வருவது ஒரு வகை. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வருவது இன்னொரு வகை. பிள்ளைகளுக்கு வந்தால் தோலுக்கு அடியில் சுண்ணாம்புக் கட்டிகள் படிவதும் உண்டு. மொத்தத்தில் அபூர்வமான நோய்தான். அபூர்வம் என்பதே நோயாளிக்கு விரோதமாகப் போகிறது. ஏனென்றால் தெருமுனை டாக்டர் தம் வாழ்நாளில் இதை ஒரு தடவைகூடப் பார்க்காமலே இருக்கலாம்.

டில்லியில் அணைந்த விளக்கு

2016ஆம் ஆண்டில் வெளிவந்த "தங்கல்" படத்தை வாசகர்கள் பலர் பார்த்திருப்பார்கள். ஆமிர்கான் நடித்த மல்யுத்தப் படம். அதில் தங்கை பபிதாவின் சிறு வயது வேடத்தில் நடித்த பெண் சுஹானி பட்னாகர். அந்தப் படத்துக்குப் பிறகு அவர் படிப்பில் இறங்கிவிட்டார்.

2024ஆம் ஆண்டு பிப்ரவரி 16ந் தேதி டில்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியில் அவர் காலமானார். வயது 19.

பெற்றோர் பத்திரிகைகளுக்குக் கூறிய விவரம் வருமாறு:- இரண்டு மாதங்களுக்கு முன் கையில் வீக்கம் தோன்றியது. சாதாரணமானது என்று நினைத்தார்கள். பிறகு வீக்கம் பரவியது. பல டாக்டர்களிடம் காட்டினார்கள். என்ன நோய் என்று தெரியவில்லை. கடைசியில் எய்ம்ஸில் சேர்த்தபோதுதான் டெர்மட்டோமயோசைட்டிஸ் என்று தெரிந்தது. அதற்குள் கிருமித் தொற்று ஏற்பட்டு, நுரையீரல் கெட்டுவிட்டது.

திரையில் மல்யுத்தக் களத்தில் புரண்டு எழுந்த பெண்ணைத் தசை நோய் கொண்டுபோனது கேட்டவர்களை உலுக்கியது. இந்த நோயின் பெயரே அன்றுதான் பலர் காதில் விழுந்தது.

கல்லீரல் என்று ஏமாறலாம்

நோயைக் கண்டுபிடிப்பதில் தாமதம் ஏன்? பல வழிகளில் அது ஏமாற்றுகிறது.

களைப்பு என்று போனால் டாக்டர் ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுக்கிறார். எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்ற இரண்டு கணக்குகள் ஏறியிருக்கின்றன. உடனே கல்லீரல் கோளாறு, காமாலை என்று பத்தியம் தொடங்கிவிடும். கீழாநெல்லியும் வரும். ஆனால் அந்த இரண்டு பொருள்களும் கல்லீரலில் மட்டுமல்ல, தசையிலும் இருக்கின்றன. தசை சிதைந்தாலும் அவை ரத்தத்தில் ஏறும்! கல்லீரலுக்கு வைத்தியம் நடக்க நடக்க, தொடை மெலிந்துகொண்டே போகும்.

உண்மையைச் சொல்வது "சி.கே." என்ற இன்னொரு பரிசோதனை. இது தசைக்குள் இருக்கும் பொருள். சாதாரணமாகச் சுமார் 200க்குள் இருக்க வேண்டியது, இந்த நோயில் ஆயிரக்கணக்கில் ஏறிவிடலாம். செலவு அதிகமில்லாத சோதனைதான். யாருக்காவது எழுதத் தோன்ற வேண்டும், அவ்வளவே. சிலருக்கு இந்தக் கணக்கு ஏறாமலேயும் நோய் இருக்கும் என்பதால் டாக்டர்கள் இதோடு நிற்பதில்லை. தசையின் மின்சாரத்தைப் பதிவு செய்கிறார்கள், எம்.ஆர்.ஐ. படம் எடுக்கிறார்கள். வேண்டுமானால் தசையில் ஒரு துளி கிள்ளி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறார்கள். ரத்தத்தில் குறிப்பிட்ட எதிர்ப்புப் புரதங்கள் இருக்கின்றனவா என்றும் தேடுகிறார்கள். எந்தப் புரதம் என்பதை வைத்து நோய் எந்தப் பக்கம் திரும்பும் என்பதை ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிடலாம். அவற்றில் "எம்.டி.ஏ.5" என்பது பொல்லாதது. தசை நன்றாகவே இருக்கும். தோலில் புண் வரும். நுரையீரலோ சில வாரங்களில் கெட்டுப்போகலாம்.

ஆகவே, வறட்டு இருமலும் மேல்மூச்சும் வந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. சாப்பாடு விழுங்க முடியாமல் போவதும், குடித்த தண்ணீர் மூக்கு வழியாக வருவதும், குரல் மூக்கால் பேசுவதுபோல் மாறுவதும் அதே மாதிரியான அபாயங்கள்.

இன்னொன்றும் உண்டு. பெரியவர்களுக்கு இந்த நோய் வந்தால் டாக்டர்கள் உடம்பு முழுவதும் புற்றுநோயைத் தேடுகிறார்கள். நோயாளிகள் இதனால் பயந்துவிடுகிறார்கள். பயத்தில் பொருள் இல்லாமல் இல்லை. பெரியவர்களில் 100 பேருக்கு 15 முதல் 25 பேர் வரை எங்கேயாவது புற்றுநோய் மறைந்திருக்கலாம் என்று மேனாட்டுக் கணக்குகள் கூறுகின்றன. தோல் தடிப்பு வந்த முதல் மூன்று ஆண்டுகளில்தான் அது வெளிப்படுவது அதிகம். தேடினால் சிறியதாக இருக்கும்போதே பிடித்துவிடலாம். பிள்ளைகளுக்கு இந்தப் பயம் வேண்டியதில்லை.

1823லிருந்து ஒரு கதை

கோரிமேட்டு ஆஸ்பத்திரியின் வரலாறு இந்த நோய்க்குப் பெயர் வைத்த வரலாற்றைவிடப் பழையது. 1823ஆம் ஆண்டில் பிரெஞ்சு சர்க்கார் புதுச்சேரியில் ஒரு வைத்தியப் பள்ளியை ஆரம்பித்தது. அதற்கு நாற்பது ஆண்டுகள் கழித்து, 1863இல்தான் வாக்னர் என்ற ஜெர்மன் டாக்டர் இப்படி ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். 1891இல் உன்வெரிக்ட் என்ற இன்னொரு ஜெர்மானியர் "டெர்மட்டோமயோசைட்டிஸ்" என்று பெயரிட்டார்.

1954இல் புதுச்சேரி இந்திய நிர்வாகத்துக்கு வந்தது. 1956இல் வைத்தியப் பள்ளியை இந்திய அரசு ஏற்றுக்கொண்டது. தன்வந்திரி மருத்துவக் கல்லூரி என்று பெயராயிற்று. புதிய கல்லூரிக்கு அடிக்கல் நாட்டியவர் பிரான்சின் வெளிநாட்டு மந்திரி பினோ. 1964இல், நேரு மறைந்த அதே ஆண்டில், அது ஜவஹர்லால் பட்டமேற்படிப்பு நிலையமாகியது. 2008இல் பார்லிமெண்டு சட்டத்தின் மூலம் தேசிய முக்கியத்துவம் பெற்ற நிறுவனமாயிற்று. தன்வந்திரியின் பெயர் மட்டும் அந்தப் பகுதிக்கு தன்வந்திரி நகர் என்று ஒட்டிக்கொண்டிருக்கிறது.

உடம்பின் காவல் படை திசை மாறும் நோய்களுக்கென்றே இங்கே கிளினிக்கல் இம்யூனாலஜி என்ற தனித் துறை இருக்கிறது. நாட்டில் பெரிய பெரிய ஆஸ்பத்திரிகள் பலவற்றில்கூட இப்படித் தனித் துறை கிடையாது. தோல் டாக்டரிடம் தடிப்பைக் காட்டி, நரம்பு டாக்டரிடம் காலைக் காட்டி, நெஞ்சு டாக்டரிடம் இருமலைக் காட்டி மூன்று சீட்டுகளோடு அலைகிறவருக்கு, மூன்றையும் ஒன்றாகப் படிக்கும் ஓர் இடம் தேவை.

மருந்து வந்த கதை

ஒரு காலத்தில் இந்த நோய் வந்தால் பாதிப் பேர் பிழைப்பதில்லை. பிள்ளைகளைப் பற்றி வைத்தியர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள்: மூன்றில் ஒரு பங்கு சாகும், ஒரு பங்கு முடமாகும், ஒரு பங்கு தேறும்.

1948ஆம் ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவில் மேயோ ஆஸ்பத்திரியில் ஹெஞ்ச் என்ற டாக்டர், மூட்டுவாதத்தால் முடங்கிக் கிடந்த ஒரு நோயாளிக்கு ஒரு புது ஊசி போட்டார். சில நாளில் நோயாளி நடந்தார். அந்த மருந்துதான் கார்ட்டிஸோன். 1950இல் ஹெஞ்சுக்கும் மற்ற இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அதன் வாரிசான பிரெட்னிசோலோன் மாத்திரைதான் இன்றும் இந்த நோய்க்கு முதல் மருந்து. பிள்ளைகள் சாவது இன்று மிகவும் அபூர்வம்.

"ஸ்டீராய்டா? ஐயோ, வேண்டாம்!" என்று அலறுகிறவர்கள் நம்மில் அதிகம். முகம் பூரிக்கும், சர்க்கரை ஏறும், எலும்பு தேயும் என்பதெல்லாம் உண்மையே. ஆனால் முகம் பூரித்ததைப் பார்த்து மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது அதைவிடப் பெரிய ஆபத்து. பல வாரங்கள் அந்த மருந்தைச் சாப்பிட்ட உடம்பு, தன் சொந்தச் சுரப்பைக் குறைத்துக்கொண்டுவிடும். திடீரென்று நிறுத்தினால் மயங்கி விழுந்து உயிருக்கே மோசமாகலாம். டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகத்தான் இறங்க வேண்டும்.

அந்த மாத்திரையைக் குறைப்பதற்காகவே வேறு மருந்துகளையும் சேர்க்கிறார்கள். அவற்றில் மெத்தோட்ரெக்சேட் முக்கியமானது. இதை வாரத்துக்கு ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். சீட்டைச் சரியாகப் படிக்காமல் தினம் ஒன்று என்று விழுங்கி, வாய் புண்ணாகி, ரத்த அணுக்கள் குறைந்து விபரீதமானவர்கள் உலகெங்கும் உண்டு. என்ன கிழமை என்று காலண்டரில் சுழித்து வைத்துக்கொள்வது நல்லது. அசாதையோப்ரின், மைக்கோஃபினோலேட் ஆகியவையும் உண்டு. ரத்த தானத்திலிருந்து பிரித்தெடுக்கும் இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தை நரம்பில் ஏற்றுவதும் உண்டு. அது இந்த நோய்க்கு நன்றாக வேலை செய்கிறது என்று 2022இல் வெளியான பல நாட்டு ஆராய்ச்சி காட்டியது. விலைதான் கண்ணைக் கட்டும்.

இந்த மருந்துகள் எல்லாம் காவல் படையை அடக்கி வைப்பவை. ஆகவே கிருமிகள் புகுவது சுலபம். காய்ச்சல் வந்தால் கடையில் மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டுக் காத்திருக்கக் கூடாது. டில்லிப் பெண்ணின் கடைசி நாட்களில் கிருமித் தொற்று என்ன செய்தது என்பதை மேலே பார்த்தோம்.

முன்பெல்லாம் தசை நோய் என்றால் படுத்தே கிடக்கச் சொல்வார்கள். இப்போது அந்த அபிப்பிராயம் மாறிவிட்டது. நோய் அடங்க ஆரம்பித்ததும் பயிற்சியாளர் சொல்கிறபடி அளவோடு உடற்பயிற்சி செய்வது தசைக்குப் பலம் தரும் என்று தெரிந்திருக்கிறது. வெயிலில் குடையும் முழுக்கைச் சட்டையும் வேண்டும்.

இந்த நோயோடு பல ஆண்டுகள் வாழ்ந்தவர்களும் உண்டு. இங்கிலாந்தின் புகழ்பெற்ற நாடக நடிகர் லாரன்ஸ் ஒலிவியேவுக்கு 1974இல் இதே நோய் வந்தது. அவருக்கு அப்போது வயது 67. மேடையை விட்டார்; சினிமாவை விடவில்லை. 1976இல் வெளியான "மாரத்தான் மேன்" படத்தில் வில்லனாக வந்து பார்த்தவர்களை நடுங்க வைத்தார். நோய் வந்து பதினைந்து ஆண்டுகள் இருந்து, 1989இல் 82ஆவது வயதில் மறைந்தார்.

எண்பதுக்கு எத்தனை?

சிகிச்சை பலிக்கிறதா என்று பார்க்க ரத்தக் கணக்கு மட்டும் போதாது. டாக்டர்கள் ஒரு பரீட்சை வைக்கிறார்கள். கழுத்து, தோள், மேற்கை, தொடை என்று எட்டுத் தசைகள். "தூக்குங்கள், நான் அமுக்குகிறேன், விட்டுக்கொடுக்காமல் பிடியுங்கள்" என்று ஒவ்வொன்றாகச் சோதிக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் பத்து மார்க்கு. மொத்தம் 80.

நாம் முதலில் பார்த்தோமே, கோலம் போட்ட அம்மாள், அவர் சரியான இடத்துக்குச் சரியான நேரத்தில் வந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். முதல் மாதம் மார்க்கு ஏறாது. சி.கே. இறங்கும், தொடை மட்டும் அப்படியே இருக்கும். மருந்து கேட்கவில்லை என்று வீட்டில் முணுமுணுப்பார்கள். ரத்தக் கணக்கு முதலில் இறங்கும், பலம் பின்னால்தான் வரும் என்று டாக்டர் சொல்லியிருப்பார். மூன்றாம் மாதம் கைகளைக் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்திருக்கச் சொல்வார்கள். ஒரு தடவை முயன்று உட்கார்ந்துவிடுவார். இன்னொரு தடவை எழுந்துவிடுவார்.

அன்று மாலை கோரிமேட்டில் பஸ் வந்து நிற்கும். மகன் கையை நீட்டுவான். "இருடா" என்று சொல்லிவிட்டு, கம்பியைப் பிடித்துத் தாமே ஏறுவார். அடுத்த தடவை வரவேண்டிய தேதி கைச்சீட்டில் இருக்கிறது. இன்னும் ஒன்றரை ஆண்டுக்காவது மாத்திரை உண்டு.